தவக்காலமும் ஏடிஎச்டி, ஆட்டிசம் மூளையும்: எதை விடுவது, எதை விடக்கூடாது?

கடுகுவிதை கேட்டது:

இயேசுவுக்கே புகழ். ஏடிஎச்டியும் (கவனக் குறைவும் மிகைச்செயல்பாடும்) ஆட்டிசமும் சேர்ந்து இருப்பவர், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தை எப்படி அனுசரிப்பது? பிரசங்கங்களில் கிடைக்கும் ஒரே ஆலோசனை "மனசு வைத்தால் முடியும்" என்பது. மனசு வைப்பதில் குறை இல்லை, அதற்கு அப்புறம்தான் சிக்கலே. தனித்தனியாகக் கேட்கிறேன்.

ஏடிஎச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுப்பவருக்கு மதியம் பசியே தெரியாது. அவர் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) இருப்பது எப்படி? சாப்பிட முடிகிற உணவே ஏழெட்டுதான், அதில் இரண்டு இறைச்சி என்றால் வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்துக்கு (இறைச்சி தவிர்ப்பதற்கு) என்ன செய்வது? தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று எடுக்கும் தீர்மானம் இரண்டாவது வாரத்துக்குள் காற்றோடு போய்விடுகிறது, அதை எப்படி நிறுத்தி வைப்பது? பெரிய வாரத்தில் கூட்டம், சத்தம், தூபம் எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறதே, அதற்கு என்ன வழி? கடைசியாக, பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்வது. வரிசையில் நின்று முறை வரும்போது சொல்ல வேண்டியது எல்லாம் மறந்துவிட்டால்?

"நோயைச் சாக்கு வைத்துத் தப்பிக்கிறாயா" என்ற பதில் ஏற்கெனவே வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. அதைத் தவிர வேறு எதுவும் சொல்லலாம்.

ஊதாநிறம்:

முதலில், திருச்சபை உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துவிடுங்கள். நம் தலையில் இருக்கும் பாரத்தில் பாதி, யாரும் ஏற்றாத பாரம்.

நான் சொல்வது லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருக்கு. கீழைத் திருச்சபைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. திருச்சபைச் சட்டம் எண் 1251-இன்படி ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. நாற்பது நாளும் இல்லை. இறைச்சி தவிர்ப்பது வெள்ளிக்கிழமைகளிலும் திருநீற்றுப் புதனிலும். ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை, சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததிலிருந்து (எண் 1252). இதற்கு மேல் ஒவ்வொரு நாட்டு ஆயர் பேரவையும் மாற்றி வகுக்கலாம், ஆகவே உங்கள் மறைமாவட்டம் சொல்வதையும் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையில் பெருவிழா வந்தால் சுத்தபோசனம் இல்லை. 2027-இல் சூசையப்பர் பெருவிழா, மார்ச் 19, வெள்ளிக்கிழமையில்தான் வருகிறது. விதிகளை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் மனதுக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அன்று காலையில் தடுமாற வேண்டாம்.

ஒருசந்தி என்றால் பட்டினி இல்லை. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட விதிமுறைப்படி ஒரு முழு உணவு, காலையிலும் மாலையிலும் சிறிது உணவு. முழு உணவு எந்த வேளையில் என்று அதில் குறிப்பிடவில்லை. இந்த ஒரு வரியை மாத்திரை சாப்பிடுபவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

உடல்நலமோ மனநலமோ கெடும் என்றால் உண்ணாநோன்புச் சட்டம் அந்த ஆளைக் கட்டாது. கெடுமா கெடாதா என்று சந்தேகமாக இருந்தால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். நியாயமான காரணத்துக்கு விலக்கு அளிக்கவோ, வேறு பக்திமுயற்சியாக மாற்றித் தரவோ எண் 1245 அவருக்கு அதிகாரம் தருகிறது. கேட்பதற்கு வரலாறு எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறுஞ்செய்தி போதும்: "சாமி, உணவு சம்பந்தமான ஒரு மருத்துவச் சிக்கல் இருக்கிறது. இந்தத் தவக்காலம் முழுவதும் சுத்தபோசனத்துக்குப் பதிலாக வெள்ளிக்கிழமைதோறும் இன்ன ஜெபம் சொல்லலாமா?" முழுக் காலத்துக்கும் ஒரே தடவையில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வெள்ளியும் மனசு அதே வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுக்கும்.

ஏழெட்டு உணவில் இரண்டு இறைச்சி என்ற கேள்விக்கு: மிச்சம் ஐந்தாறில் ஒருநாள் ஓட்ட முடிகிறதா? முடிந்தால் அதுவே சுத்தபோசனம். அந்த உணவுகள் உங்களுக்குப் பிடித்தவையாக இருந்தாலும் கணக்கில் சேரும், கவலை வேண்டாம். முடியவில்லை என்றால் மேலே சொன்ன குறுஞ்செய்தி.

மணிக்கூடு:

இரண்டாவது வாரத்தில் ஏன் நின்றுபோகிறது என்று தெரியாமல் மருந்து தேடினால் ஒவ்வொரு வருடமும் இதே கதைதான்.

திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை காலண்டரில் 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஏடிஎச்டி மூளைக்கு 46 நாள் தள்ளி இருக்கும் உயிர்ப்பு ஞாயிறு வருகிற மாதிரியே தெரியாது. புதுசாக இருக்கும் வரை தீர்மானம் தானாக ஓடும், புதுமை தீர்ந்ததும் நின்றுவிடும். அதோடு ஐந்து தீர்மானம் எடுத்தால் தினமும் ஐந்து முறை நினைவு வர வேண்டும். நினைவில் வைத்திருப்பதுதான் அந்த மூளையின் பலவீனமான இடம், அதன் மேலேயே முழுச் சுமையையும் ஏற்றுகிறோம்.

ஆகவே நாற்பது நாளாகப் பார்க்காமல் ஏழு துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டு புதன் முதல் சனி வரை நான்கு நாள். அதற்குப் பிறகு ஞாயிறில் தொடங்கி ஆறு வாரம், கடைசி வாரம் பெரிய வாரம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு முயற்சி. துண்டு மாறும்போது முயற்சியும் மாறலாம். இது ஏமாற்று வேலை இல்லை. தவமுயற்சியில் இரண்டு மூன்று நாள் செய்து, இரண்டு மூன்று நாள் விட்டு, மாற்றி மாற்றிப் பார்த்துத் தனக்குப் பொருந்துவதைக் கண்டுபிடிப்பது நல்லது என்று இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரே தம் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில் சொல்லியிருக்கிறார். உடலைக் கெடுக்கும் தவமும், தேவையான தூக்கத்தைப் பறிக்கும் தவமும் வேண்டாம் என்பதும் அவர் கருத்துதான்.

ஏழு துண்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் இரண்டு கணக்கு இருக்கிறது. மனமாற்றத் திருப்பாடல்கள் ஏழு: 6, 32, 38, 51, 102, 130, 143. துண்டுக்கு ஒன்று, அதே திருப்பாடல் அந்த வாரம் முழுக்க. 130 எட்டே வசனம், ஆனால் 102 நீளம். நான்கு நாள் துண்டில் 102-ஐ வைக்காதீர்கள். இரண்டாவது கணக்கு சிலுவைப்பாதை. தவக்காலத்தில் ஆறு வெள்ளி, பெரிய வெள்ளியோடு ஏழு. நிலைகள் பதினான்கு. வெள்ளிக்கு இரண்டு நிலை என்று போனால் பெரிய வெள்ளி அன்று 14-ஆவது நிலை, அடக்கத்தில் வந்து நிற்கும். பதினான்கையும் ஒரே மூச்சில், ஒவ்வொரு நிலைக்கும் முழங்காலிட்டு எழுந்து செய்ய முடியாதவர்களுக்கும் இது ஒத்துவரும். டிஸ்பிராக்சியா (உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம்) உள்ளவர் உட்கார்ந்தே செய்யலாம்.

முயற்சியை எழுதும்போது மூன்று அளவில் எழுதுங்கள். நல்ல நாளுக்கு 10 நிமிடம், சுமாரான நாளுக்கு 2 நிமிடம், விழுந்து கிடக்கும் நாளுக்கு ஒரு வரி: "ஆண்டவரே, இரக்கமாயிரும்." மூன்றில் எது நடந்தாலும் அந்த நாள் கணக்கில் வரும். ஏடிஎச்டி உள்ளவர் தவறு செய்வது பெரும்பாலும் இங்கேதான். நல்ல நாளுக்கான அளவை மட்டும் எழுதிவிட்டு, மோசமான நாளில் ஒன்றுமே இல்லாமல் போய், மறுநாள் வெட்கத்தில் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

விட்டுப்போன நாளைச் சேர்த்துச் செய்யக்கூடாது. இதை மட்டும் கறாராகக் கடைப்பிடியுங்கள். நேற்றையது போயிற்று, இன்றையது இன்றைக்கு. மூன்று நாள் பாக்கி சேர்ந்தால் அது கடனாகிவிடும், கடனைப் பார்த்தால் மூளை ஓடும். 46 கட்டம் போட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள், செய்த நாளுக்கு வண்ணம், செய்யாத நாள் வெறுமை. பெருக்கல் குறி வேண்டாம். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போன அன்றே ஆள் நிறுத்திவிடுவார்.

நினைவூட்ட அலாரம் வைத்தால் நாலைந்து நாளில் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். துண்டு மாறும்போது ஒலியையும் மாற்றுங்கள். அலாரத்தை விட, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு செயலில் கட்டிவிடுவது உறுதி: மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒட்டிய ஒரு வசனம், பல் துலக்கும் இடத்துக் கண்ணாடியில் ஒரு தாள். அது அலமாரிக்குள் போனால் இல்லாத மாதிரிதான். இன்னொருவர் கூடவே உட்கார்ந்தால் வேலை நடக்கும் என்பவர்களுக்கு, தினமும் ஒரே நேரத்தில் போனில் இணைந்து பேசாமல் ஐந்து நிமிடம் ஜெபிக்கும் ஒரு துணை போதும்.

தருமம் செய்வதைத் தானியங்கி ஆக்கிவிடுங்கள். திருநீற்றுப் புதன் அன்று ஒரே தடவை வங்கியில் வாராந்தரப் பரிமாற்றம் வைத்தால் தவக்காலத்தின் மூன்று தூண்களான ஜெபம், நோன்பு, தருமம் இவற்றில் ஒன்று உங்கள் நினைவை நம்பாமலே நிற்கும். முடிவு தேதியும் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஆவணி வரைக்கும் தவக்காலம் ஓடும்.

மாத்திரைப்பெட்டி:

மருந்து பற்றி மட்டும் சொல்கிறேன். எதையும் நிறுத்தாதீர்கள். மாத்திரை உணவு இல்லை, ஒருசந்தியை முறிக்காது. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது என்று எண் 919 நேரடியாகவே சொல்கிறது.

மெத்தில்ஃபெனிடேட் பசியை அடக்கும். சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம், மெல்ல வெளிவரும் வகை எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். ஒருசந்தி நாளில் முழு உணவை மதியத்துக்கு வைத்தால், மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் உணவு இறங்காது, பேருக்கு இரண்டு வாய் போகும். மாலையில் மருந்து இறங்கும்போது அடக்கி வைத்த பசி மொத்தமாக எழும், கூடவே எரிச்சலும். ஊதாநிறம் அக்கா அடிக்கோடிடச் சொன்னது இதற்குத்தான். முழு உணவைக் காலையில், முதல் மாத்திரைக்கு முன்பு சாப்பிட்டுவிடுங்கள். சிறிய உணவு இரண்டையும் கடிகாரம் பார்த்து எடுங்கள், பசிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆட்டிசம் உள்ள பலருக்கு உடம்பு உள்ளிருந்து தரும் குறிப்புகள் தாமதமாகவோ மங்கலாகவோதான் வரும். தலை சுற்றும்போதுதான் பசி என்று தெரியும்.

அட்டோமாக்செடினை வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும். குவான்ஃபசின், குளோனிடின் எடுப்பவர்கள் தண்ணீர் குறைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். லித்தியம் எடுப்பவர்கள் தண்ணீரையும் உப்பையும் குறைக்கவே கூடாது, இரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறிவிடும். இதில் "ஒருநாள்தானே" என்ற பேச்சுக்கு இடமில்லை. லுராசிடோன் குறைந்தது 350 கிலோகலோரி உணவோடு போனால்தான் சரியாக உடம்பில் சேரும். இந்தப் பட்டியலில் உங்கள் மருந்து இருந்தால் உணவு நோன்பைத் தொடும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை.

காபியை விடப் போகிறவர்களுக்கு: புதன் காலையில் வெட்டென்று நிறுத்தாதீர்கள். கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கி, முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். கவனக் குறைவும் எரிச்சலும் கூடவே வரும், ஏடிஎச்டி உள்ளவருக்கு அது இரட்டை அடி. திருநீற்றுப் புதனுக்குப் பத்து நாள் முன்பிருந்து மூன்று நாளுக்குக் கால் பங்கு வீதம் குறையுங்கள்.

உணவுக் கோளாறு முன்பு இருந்தவர்களோ இப்போது இருப்பவர்களோ உணவில் எந்த நோன்பும் எடுக்க வேண்டாம். ஆட்டிசத்தோடு பசியின்மைக் கோளாறு சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. அவர்களுக்கு மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுவதே தவமாக இருக்கும், அதையே சாமியாரிடம் சொல்லித் தவமுயற்சியாக ஏற்றுக்கொள்ளலாம். வேதாகமத்தில் இறைவாக்கினர் எலியா சாக வேண்டும் என்று செடியடியில் படுத்தபோது வானதூதர் பிரசங்கம் செய்யவில்லை, "எழுந்து சாப்பிடு" என்று இரண்டு முறை தட்டி எழுப்பினார். நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான்.

லெந்துக்காரன்:

ஸ்தோத்திரம். நாங்கள் சீர்திருத்த சபை, தவக்காலத்தை லெந்து என்போம், திருநீற்றுப் புதனைச் சாம்பல் புதன் என்போம். எங்களுக்குச் சட்ட எண் எல்லாம் கிடையாது. அது வசதி என்று நினைக்காதீர்கள். எல்லை எழுதப்படாத இடத்தில் ஆட்டிசம் உள்ளவர் தானே எல்லை போட்டுத் தன்னையே நெருக்கிக்கொள்வார். "லெந்து நாட்களில் இனிப்பு சாப்பிட மாட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பழம் இனிப்பா, இருமல் மருந்து இனிப்பா, யாராவது நீட்டியதை மறுக்கலாமா என்று நாள் முழுக்க வழக்கு நடக்கும். ஆகவே எதை விடுகிறோமோ அதற்கு விளக்கத்தைச் சாம்பல் புதனுக்கு முன்பே எழுதிவிடுங்கள். எது சேரும், எது சேராது, ஞாயிறு உண்டா இல்லையா, பிறர் வீட்டில் என்ன செய்வது, தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் என்ன. ஐந்து வரி போதும். எழுதியதில் இல்லாத சந்தேகம் வந்தால் "சேராது" என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியையும் எழுதுங்கள்.

எதை விடக்கூடாது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கை ஆட்டுவது, முன்னும் பின்னும் அசைவது, காதில் ஹெட்ஃபோன் வைப்பது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தனியாக இருக்கும் நேரம், ஒரே விஷயத்தில் மூழ்கும் ஆர்வம்: இவை ஊன்றுகோல்கள். கால் நொண்டுபவர் லெந்துக்காக ஊன்றுகோலை விடுவதில்லை. இவற்றை விட்டால் முதல் வாரம் பக்தியாகத் தெரியும். மூன்றாவது வாரம் வீட்டில் இருப்பவர்கள் மேல் வெடிக்கும், அல்லது பேச்சே நின்று படுக்கையில் முடங்குவார். ஏசாயா 58-இல் கர்த்தர் கேட்கிற உபவாசம் அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்ப்பது. புதிதாக ஒரு கட்டுப் போடுவதை அங்கே கேட்கவில்லை.

எல்லாரையும் சமாளித்து, சிரித்து, கண்ணைப் பார்த்துப் பேசி நடிக்கும் முயற்சியையும் தவமாக எடுக்க வேண்டாம். "லெந்தில் எல்லாக் கூட்டத்துக்கும் போவேன்" என்பது பலருக்கு அப்படிப்பட்ட தீர்மானம்தான்.

ஆனால் இங்கே எல்லாரும் இலகுவாக்குவதையே பேசுகிறோம், அதில் எனக்குச் சின்ன மனத்தாங்கல். ஒன்றுமே உறுத்தாத லெந்து லெந்து ஆகாது. உங்களுக்கு உண்மையிலேயே விலை வைக்கும், ஆனால் உங்களை உடைக்காத ஒன்றைத் தேடுங்கள். விவாதத்தில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம், ஆர்வத்தில் இறங்கி நள்ளிரவு தாண்டுவது, மற்றவர் பேசும்போது குறுக்கே திருத்துவது. நள்ளிரவு விஷயத்தில் ஆர்வத்தை விட வேண்டாம், மணியைக் குறித்தால் போதும்: 10:30-க்கு மூடுவது. வேதம் வாசிக்க எழுத்து ஆடுகிறவர்கள் ஒலி வேதாகமம் கேட்கலாம். மாற்கு 16 அதிகாரம். வாரம் மூன்று என்றால் ஆறு வாரத்தில் முடிந்து இரண்டு நாள் உபரி இருக்கும். அந்த இரண்டும் விட்டுப்போவதற்கு.

கடுகுவிதை:

நன்றி, அக்கா, அண்ணன். ஐந்து வரி எழுதும் யோசனையும் பாக்கி சேர்க்காத விதியும் இப்போதே எடுத்துக்கொள்கிறேன். பெரிய வாரமும் பாவசங்கீர்த்தனமும் இன்னும் மீதி.

கோவில்மணி:

முதல் விஷயம் சாம்பல். நெற்றியில் ஈரச் சாம்பல் ஒட்டிக்கொண்டிருப்பது சிலருக்குத் தாங்காது. உச்சந்தலையில் உலர்ந்த சாம்பலைத் தூவுவதும் முறையானதே, ரோமையில் வழக்கமே அதுதான். 2021-இல் தொற்றுக் காலத்துக்காக வத்திக்கான் தந்த குறிப்பும் அதைப் போலத்தான், வாய் பேசாமல் தலையில் இடச் சொன்னது. முன்பே கேட்டால் செய்வார்கள். சாம்பலில் தண்ணீர் கலந்தால் காரத்தன்மை வரும், மென்மையான தோல் எரியும், சிலருக்குப் புண்ணே ஆகும். எரிந்தால் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே கழுவுங்கள். திருநீற்றுப் புதன் திருப்பலி கடன்திருநாள் இல்லை, சாம்பல் பூசிக்கொள்வதும் கட்டாயம் இல்லை.

பெரிய வாரத்தில் குருத்து ஞாயிறும் உயிர்ப்பு ஞாயிறும் மட்டுமே கடமை. வியாழன், வெள்ளி, சனி மூன்றும் மனமுவந்து போவது, சனி இரவுத் திருவிழிப்பு உயிர்ப்புத் திருப்பலியாகக் கணக்கில் சேரும். மூன்று நாளும் போய் ஞாயிறு எழ முடியாமல் கிடப்பதை விட, ஒன்றைத் தேர்ந்து முழுசாகப் போவது மேல். எதைத் தேர்வது என்பதற்கு ஒலிக்கணக்கு சொல்கிறேன்.

பெரிய வெள்ளிதான் பெரும்பாலும் அமைதியானது. குருவானவர் ஓசையில்லாமல் வந்து தரையில் விழுந்து வணங்குவார், மணி கிடையாது, திருப்பலி கிடையாது. சிரமம் இரண்டு. பாடுகளின் வாசிப்பு நீளம், நிற்க முடியாவிட்டால் உட்காருங்கள். சிலுவை முத்தி செய்யும் வரிசையில் நெருக்கம். முத்தம் இட வேண்டும் என்பதில்லை, தலைவணங்கி நகரலாம்.

பெரிய வியாழனில் "உன்னதங்களிலே" பாடும்போது மணிகள் ஒட்டுமொத்தமாக ஒலிக்கும், பிறகு திருவிழிப்பு வரை மணியே இல்லை, சில இடங்களில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்தக் கட்டை ஓசை வறட்டென்று வெட்டும், எதிர்பாராமல் கேட்டால் தூக்கிவாரிப் போடும். பாதம் கழுவ அழைத்தால் மறுக்கலாம், அந்தச் சடங்கே கட்டாயப் பகுதி இல்லை.

திருவிழிப்புதான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும். இருட்டு, தீ, புகை, கையில் சொட்டும் மெழுகு, நீண்ட வாசகங்கள், நடுவில் "உன்னதங்களிலே" வரும்போது மணியும் இசையும் வெடிக்கும், பல கோவில்களில் விளக்கு முழுவதும் அப்போதுதான் எரியும். பின்னால் தண்ணீர் தெளிப்பு. வாசகங்கள் முழுமையாக ஒன்பது, பழைய ஏற்பாட்டில் ஏழும் புதியதில் இரண்டும். பங்குகள் பழைய ஏற்பாட்டில் குறைக்கலாம், விடுதலைப் பயணம் 14 மட்டும் எப்போதும் இருக்கும். எத்தனை வாசிக்கப் போகிறார்கள் என்று கோவில்பிள்ளையிடம் கேட்டால் நேரம் தெரிந்துவிடும். பழைய ஏற்பாட்டின் கடைசி வாசகமும் அதன் ஜெபமும் முடிந்தவுடன் மணி. அந்த இடத்தைத் தாளில் குறித்து வைத்து, அதற்கு முன்பே காதடைப்பானை வைத்துவிடுங்கள்.

காதடைப்பானில் நுரை வகை ஒலியை அதிகம் தடுக்கும், பிரசங்கமும் கேட்காது. இசைக்கலைஞர்கள் வைக்கும் வடிகட்டி வகை 15 முதல் 20 டெசிபெல் போலக் குறைக்கும், பேச்சு கேட்கும். இடம்: பக்கவாசலுக்கு அருகில் வரிசையின் ஓர இருக்கை, ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரில் வேண்டாம், தூபம் பீடத்தைச் சுற்றி வரும் பாதையிலும் வேண்டாம். 20 நிமிடம் முன்னால் போனால்தான் அந்த இருக்கை கிடைக்கும். முந்தின நாள் கோவில் காலியாக இருக்கும்போது போய் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். பெரிய வாரத்துக்கு முன் சில கோவில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருப்பார்கள், பழகிய இடம் மாறிப்போனது போல இருக்கும். அந்த முதல் பார்வை கூட்டம் இல்லாத நாளில் நடப்பது நல்லது.

ஊதாநிறம்:

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்காதீர்கள். பெரிய வாரத்துக்கு முன்பே, சாதாரண நாளில் நேரம் கேட்டுப் போங்கள். தாளில் எழுதி வாசிப்பது முழுக்கச் சரி. முதல் வரியாக "எனக்குக் கண்ணைப் பார்த்துப் பேச வராது, தாளை வாசிக்கிறேன், இடையில் கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்" என்று அதிலேயே எழுதிவிடுங்கள். மனத்துயர் ஜெபமும் அதே தாளின் கீழே. திரையிட்ட பக்கம் மண்டியிட உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே வந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள், போனில் எழுதினால் அழியுங்கள்.

துக்கமே வரவில்லையே, அழுகை வரவில்லையே, இது மனஸ்தாபமா என்று ஆட்டிசம் உள்ளவர்கள் நிறையப் பேர் தவிக்கிறார்கள். தன் உணர்வைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பதே கடினமாக இருப்பவர்களுக்கு இது இயல்பு. மனத்துயர் சித்தத்தில் நடப்பது. "அது தவறு, இனிச் செய்யமாட்டேன்" என்ற தீர்மானம் இருந்தால் போதும், கண்ணீர் கேட்கப்படவில்லை.

எதை எழுதுவது என்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. மறந்தது, தாமதமானது, ஜெபத்தில் கவனம் சிதறியது என்று பட்டியல் நீளும். சாவான பாவத்துக்குக் கனமான விஷயம், முழு அறிவு, முழு சம்மதம் மூன்றும் வேண்டும். சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்த மூளை பிறந்தநாளையும் மறந்தால் அதில் சம்மதம் எங்கே இருக்கிறது? மறந்ததை மறைக்கச் சொன்ன பொய் இருந்தால் அதை எழுதுங்கள்.

ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) சேர்ந்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, அவர்கள் தவக்காலத்தில் கூடுதல் ஆத்தும சோதனையே செய்யக்கூடாது. பாவம் இல்லாததில் பாவம் தேடி, சொன்னதையே திரும்பச் சொல்லி, "சரியாகச் சொன்னேனா" என்று மறுநாளும் வந்து நிற்கும் அந்த நிலைக்குத் திருச்சபை மரபில் பழைய மருந்து ஒன்று உண்டு. ஒரே ஒரு குருவானவர், அவர் சொல்வதற்குக் கீழ்ப்படிதல், சந்தேகமான பாவத்தைச் சொல்லாமல் விடுதல், ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாதிருத்தல். 1522-இல் மன்ரேசாவில் இஞ்ஞாசியார் இதே வேதனையில் ஒரு வாரம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அவருடைய ஆத்தும குரு "சாப்பிடு" என்று கட்டளையிட்டார், அவரும் சாப்பிட்டார். ஆத்தும சோதனை 5 நிமிடம் என்று மணி வைத்து, ஒலித்ததும் பேனாவை மூடுங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் சிகிச்சையாளரிடம் இந்த அளவைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. குருவும் சிகிச்சையாளரும் ஒன்றுக்கொன்று எதிராகச் சொன்னால் நோயாளி நடுவில் கிழிபடுவார்.

மாத்திரைப்பெட்டி:

ஒன்று விட்டுப்போயிற்று. முடிப்பதையும் திட்டத்தில் எழுதுங்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு நாற்பது நாள் செய்தது வழக்கமாக ஊறிவிடும். உயிர்ப்பு ஞாயிறு வந்தும் உணவுக் குறைப்பு நிற்காமல், மெல்ல எடை இறங்கி, யாரும் கவனிக்காமல் போவது உண்டு. ஏடிஎச்டிக்கு நேரெதிர்: விட்டதெல்லாம் ஞாயிறு ஒரே நாளில் கட்டவிழ்ந்து, மறுநாள் உடம்பும் மனசும் சரிந்து கிடக்கும். ஐந்து வரியோடு ஆறாவதாக "ஞாயிறு காலை இந்த உணவோடு இது முடிகிறது" என்று தேதி போட்டு எழுதி, வீட்டில் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். எடையைத் திருநீற்றுப் புதன் அன்றும் உயிர்ப்புக்கு இரண்டு வாரம் கழித்தும் பார்த்தால் போதும், நடுவில் தினமும் பார்க்க வேண்டாம். திங்கட்கிழமைக்கு எந்த வேலையும் போடாதீர்கள்.